ஏழாம் பக்கம்

"அக்கா! நீங்களா வந்திருக்கீங்க?"

மூன்றாம் மாடி நடைபாதையில், சுவரோடு திருகி வைத்த நாற்காலி வரிசையின் கடைசியிலிருந்து அவள் எழுந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை; அதை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கோட்டுக் கையில் நீலமும் சிவப்புமாக நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. துணிகளை அளவு குறைத்துத் தைக்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள் என்பது அவள் பேசுவதற்கு முன்பே தெரிந்துவிடும். எனக்கு அவளை அடையாளம் தெரிய இரண்டு நொடி ஆனது. மூன்று வருடத்துக்கு முன்பு, ஜன்னல் இல்லாத ஒரு விசாரணை அறையில், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இவளுக்காகப் பேசியிருக்கிறேன்.

"தெரிஞ்ச முகத்தப் பாத்ததும்தான் உயிரே வந்துச்சு. யாரோ ஒரு ஆம்பள வருவாருன்னு சொன்னாங்க. அன்னிக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வர ஓடுனீங்களே அக்கா, நேரத்துக்குப் போயிட்டீங்களா?"

மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்கிற கேள்வியா இது! அவள் இந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிற நாளில், என் மகளின் பகல் காப்பகத்தைப் பற்றி விசாரிக்கிறாள். விசாரணைக்கு முன் சம்பந்தப்பட்டவரோடு மொழிபெயர்ப்பாளர் பேசக் கூடாது. அதனால் தலையை மட்டும் ஆட்டி, பல்வலிக்காரி மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன். அவள் அதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. புரிந்தது என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தாள்.

வரவேண்டிய ஆள் நான் இல்லை. அவருக்குக் காய்ச்சல். காலை ஏழு மணிக்கு எனக்கு ஃபோன் வந்தது, வழக்கு எண்ணை மட்டும் சொன்னார்கள். எண்ணுக்கு முகம் கிடையாது. முகத்தைப் பார்த்த பிறகாவது நான் அவளுடைய வக்கீலிடம் போய், "இவருக்காக நான் ஏற்கெனவே ஒருமுறை பேசியிருக்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. சொல்லியிருந்தால் வேறு ஆளைத் தேடுவார்கள், வழக்கை இன்னும் எட்டு மாதம் தள்ளி வைப்பார்கள், பாவம் இவள் இன்னும் எட்டு மாதம் தூங்காமல் கிடப்பாள். அவள் நன்மைக்காகத்தான் சும்மா இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நமக்கு நாமே சொல்லிக்கொள்வதை யாரும் சரிபார்ப்பதில்லை என்பது எவ்வளவு வசதி.

இந்தத் தொழிலுக்குள் நான் துடைப்பத்தோடுதான் நுழைந்தேன். அகதிகள் விடுதியில் தரை பெருக்கிக்கொண்டிருந்தபோது, பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சி ஓடிவந்து, உள்ளே இருக்கிற பெண்ணின் மொழி நீ பேசுவாயா என்று கேட்டாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனவள்தான், திரும்ப எடுக்கவில்லை. அன்று ஆரம்பித்தது ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வேலை வாய்ப்பு அலுவலகம், நீதிமன்றம் என்று விரிந்து, இடையில் புதிதாக வந்த பெண்களுக்குச் சனிக்கிழமை மொழி வகுப்பு, தேர்வு, சான்றிதழ் என்று பதினோரு வருடம் ஓடிவிட்டது. நான்கு மொழி தெரியும் என்று என்னைக் காட்டிப் பெருமையாகச் சொல்வார்கள். நான்கிலும் நான் பேசுவது அடுத்தவர் பேச்சு. என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் வாடகை வாய்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. யாருக்காகப் பேசுகிறோமோ அவராகவே பேச வேண்டும். 'இவர் இப்படிச் சொல்கிறார்' என்பதெல்லாம் கூடாது. அவர் 'நான்' என்றால் நானும் 'நான்'தான். அப்படிப் பார்த்தால் நான் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்திருக்கிறேன், காய்கறி லாரியின் அடியில் படுத்து எல்லை தாண்டியிருக்கிறேன், மகனை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை என்று தலைமை ஆசிரியையிடம் சத்தியம் செய்திருக்கிறேன். எழுபது வயதுத் தாத்தா ஒருவருக்காக, 'எனக்கு ஒன்றுக்குச் சரியாகப் போக மாட்டேன் என்கிறது' என்று டாக்டரிடம் முறையிட்டும் இருக்கிறேன். டாக்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தாத்தாவைத்தான் பார்த்துத் தலையாட்டினார். அதுதான் தொழில் சுத்தம். நான் 'நான்' என்றதும் எல்லோரும் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பார்கள். எனக்கே ஏதாவது வேண்டுமென்றால், 'மொழிபெயர்ப்பாளருக்குத் தண்ணீர் தேவைப்படுகிறது' என்று யாரோ மூன்றாம் ஆளைச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். வீட்டில் பசியோடு வந்து நிற்கும்போது என் கணவர் கேட்பார், "என்ன, மொழிபெயர்ப்பாளருக்கு சோறு தேவைப்படுதா?" என்று.

நேற்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, புதிய மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கல்வித் திட்டத்துக்கு நான்தான் பொறுப்பாளர். பாடப் புத்தகத்தை எழுதியதும் நானே. 'பதினோரு ஆண்டுகளில் ஒரு புகார்கூட இல்லாதவர்' என்று ஒரு வரி அதில் இருந்தது. என் மகள் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். "இனிமே நீ வாடகை வாய் இல்லம்மா, சொந்த வாய்" என்றாள். காலையில் பால் எடுக்கும்போதுகூட இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.

விசாரணை அறையில் நாங்கள் ஐந்து பேர். உயரமான மேசைக்குப் பின்னால் நீதிபதி, மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மாள். இடப்பக்கம் அரசுத் தரப்பு அதிகாரி. வலப்பக்கம் வக்கீல், சின்னப் பெண், இன்றைக்கே மூன்றாவது வழக்கு என்று அவள் தலைமுடியே சொல்லியது. நடுவில் நானும் தையல்காரியும், முழங்கை இடிக்கிற நெருக்கத்தில். நீதிபதி நல்லவர். நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார், நான் முடிக்கிறவரை காத்திருக்கிறார். அறைதான் சரியில்லை. ஜன்னலைத் திறக்க முடியாதபடி அடைத்து, கதவுக்கு மேல் அவசர வழி காட்டும் பச்சை விளக்கில் ஓடுகிற மனிதனின் படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். எத்தனை வருடமாகவோ ஓடிக்கொண்டிருக்கிறான், இன்னும் வெளியே போய்ச் சேரவில்லை.

முதல் முக்கால் மணி நேரம் ஒழுங்காகப் போனது. அவள் கணவனை ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டு போனது, அவள் குழந்தையோடு நாத்தனார் வீட்டில் ஒளிந்தது, பிறகு கிளம்பி வந்தது. நீதிபதி மூன்று வருடத்துக்கு முந்தைய வாக்குமூலத்தைப் புரட்டினார்.

"ஏழாம் பக்கம். 'அதன்பின் நான் குழந்தையுடன் என் வீட்டுக்குத் திரும்பினேன்.' உயிருக்குப் பயந்து ஓடியவர் அதே வீட்டுக்குத் திரும்பிப் போய் வாழ்ந்திருக்கிறார். உங்கள் அகதி விண்ணப்பத்தை நிராகரித்ததற்கு இந்த வரிதான் முக்கியக் காரணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

இதை நான் தமிழில் சொல்லி முடித்தேன். அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வார்த்தையும் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது.

"குழந்தைக்கு மூச்சிழுப்பு. இன்ஹேலர அவசரத்துல வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். குழந்தைய நாத்தனார்கிட்ட குடுத்துட்டு, அத எடுக்க மட்டும்தான் போனேன், பின்வாசல் வழியா. அடுப்பு மேல பாத்திரம் வச்சது வச்சபடி இருந்துச்சு. அரை மணி நேரம்கூட இல்ல."

அன்றும் இதையேதான் சொன்னாள், அடுப்புப் பாத்திரம் உட்பட. நான் அத்தனையையும் ஒன்று விடாமல் மொழிபெயர்த்தேன். அன்று விசாரித்த அதிகாரி இரண்டே விரலால் தட்டச்சு செய்கிறவர். பின்வாசலும் இன்ஹேலரும் அரை மணி நேரமும் அந்த இரண்டு விரலுக்குள் சுருங்கி, 'வீட்டுக்குத் திரும்பினேன்' என்று ஆகிவிட்டன. போதாக்குறைக்குக் குழந்தையையும் அவரே கூட அனுப்பி வைத்துவிட்டார். இதற்காகத்தான் இன்னொரு விதி இருக்கிறது. கடைசியில் வாக்குமூலம் முழுவதையும் மொழிபெயர்ப்பாளர் அவரவர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், அவர்கள் தப்பைத் திருத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. நான் எழுதிய பாடப் புத்தகத்தில் நான்காம் பாடம் முழுக்க இதுதான். 'ஒரு வரியும் விடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.

அன்று வாசிக்க ஆரம்பித்தபோதே மணி ஐந்து. காப்பகம் ஆறு மணிக்கு மூடும். அங்கே போய்ச் சேர ரயிலில் இருபத்தைந்து நிமிடம். என் கணவருக்கு மாலை ஷிப்ட், வேறு ஆள் கிடையாது. ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகப் போயிருந்தேன். மூன்றாவது முறை என்றால் குழந்தை நல அலுவலகத்துக்குக் கடிதம் போகும். அந்தக் கடிதத்துக்குப் பிறகு நடக்கும் கூட்டங்களில் எத்தனையோ தாய்மாருக்காக நான் உட்கார்ந்து, 'நான் நல்ல அம்மாதான்' என்று சொல்லியிருக்கிறேன். அதை எனக்காகவே சொல்ல வேண்டி வருமோ என்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்தாம் பக்கம் முடிந்தபோது மணி ஐந்து இருபத்தெட்டு. அதிகாரி தன் மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் சேர்த்துப் புரட்டினேன். "மீதி எல்லாம் நீங்க சொன்னதுதான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். காலையில் இடைவேளையில், காப்பகத்துக்கு யார் போவது என்று நான் ஃபோனில் கணவரிடம் மன்றாடியதைக் கேட்டிருக்க வேண்டும். "புள்ள காத்துக்கிட்டு இருக்கும். நீங்க கிளம்புங்கக்கா, நான் போட்டுடுறேன்" என்று சொல்லி, படிக்கத் தெரியாத பக்கங்களில் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டாள். கடைசிப் பக்கத்தில், 'முழுமையாக வாசித்துக் காட்டினேன்' என்ற வரிக்குக் கீழே நானும் போட்டேன். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நாற்பத்திரண்டு. ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் காப்பகத்தின் கதவைத் தொட்டேன். அன்று என் வாய் ஒரு தப்பும் செய்யவில்லை. கால்தான் செய்தது.

அவள் சொன்னதை நான் மொழிபெயர்த்து முடித்ததும் வக்கீல் எழுந்தாள். "அந்தப் பக்கங்கள் என் கட்சிக்காரருக்கு வாசித்துக் காட்டப்படவே இல்லை. இதை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அவரிடமே நீங்கள் கேட்கலாம்."

நீதிபதி பேனாவின் மூடியைத் திறந்தார். வழக்கு இப்போது ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. "வாக்குமூலம் உங்களுக்கு முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டதா?"

நான் அதைத் தமிழில் கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. 'இல்லை என்று சொல்' என்று மனசுக்குள் கெஞ்சினேன். 'சொல்லிவிடாதே' என்றும் அதே மனசு கெஞ்சியது. இரண்டையும் ஒரே மூச்சில் கெஞ்சினேன், அதை மறைத்துப் பயனில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். பொதுவாக யாரும் பதில் சொல்லும்போது என்னைப் பார்ப்பதில்லை, நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வக்கீல்களும் பழக்கியிருப்பார்கள். இவள் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன இருந்ததோ, என்ன படித்தாளோ. பயப்படாதீங்க என்பதுபோல லேசாகத் தலையை அசைத்தாள். பிறகு நீதிபதியைப் பார்த்து, சுத்தமான குரலில் சொன்னாள்.

"ஆமா. எல்லாத்தையும் படிச்சுக் காட்டினாங்க. ஒரு வரி விடல. அந்த அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

நான் அங்கே இல்லாமல் போயிருந்தால் அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள். காய்ச்சல்காரர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால், காலையில் நான் அந்த ஒரு வரியை வக்கீலிடம் சொல்லியிருந்தால், சொல்லியிருப்பாள். தெரிந்த முகம் என்று அவளுக்கு உயிர் வந்ததே, அந்த முகம்தான் இப்போது அவள் வாயை அடைத்தது. நம் ஆளை அடுத்தவர் முன்னால், அதுவும் மேசைக்குப் பின்னால் இருப்பவர் முன்னால் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தந்து வந்ததல்ல. எனக்கும் அது தெரியும்.

வக்கீல் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் 'ஆமா' என்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். விதி என்பது விதிதான். நான் இந்த நாட்டு மொழியில், தெளிவாக, இலக்கணச் சுத்தமாகச் சொன்னேன்: "ஆம். எல்லாம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு வரியும் விடவில்லை." அந்த அக்காவைப் பற்றிய வாக்கியத்தை மென்று விழுங்கினேன். பதினோரு வருடத்தில் நான் விட்ட முதல் வாக்கியம் அது என்று சொல்ல ஆசை. ஆனால் ஏற்கெனவே மூன்று பக்கம் விட்டவள் நான்.

நீதிபதி எழுதினார். "அப்படியானால் ஏழாம் பக்கத்தில் இருப்பது நீங்கள் சொன்னதுதான்?"

"அப்படி நான் சொல்லல அம்மா."

"வாசித்துக் காட்டினார்கள் என்கிறீர்கள். கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்."

அவள் கோட்டுக் கையிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்து விரலில் சுற்றினாள். ஊசி குத்திக் குத்தி அந்த விரல் நுனி காய்த்துப்போயிருந்தது. "எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியலக்கா" என்றாள், இந்த முறை என்னிடமே. "எனக்கு வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை" என்று நான் மொழிபெயர்த்தேன். அரசுத் தரப்பு அதிகாரி தன் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். அவருக்கு வேலை முடிந்துவிட்டது. வக்கீல் உட்கார்ந்துவிட்டாள். நீதிபதி வருத்தத்தோடுதான் பேனாவின் மூடியைத் தேடினார். பிளாஸ்டிக் உறையின் மேல் அவளுடைய குழந்தையின் பள்ளிப் புகைப்படம் ஒன்று இருந்தது, இரண்டு முன்பல் இல்லாத சிரிப்பு. இனி அந்தக் குழந்தை எங்கே போய் மூச்சிழுக்கும் என்று நினைத்தேன். என் மகளும் அதே வயதில் அப்படித்தான் சிரித்தாள், காப்பக வாசலில், ஐந்து ஐம்பத்தெட்டுக்கு.

"மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன்.

"சொல்லுங்கள். ஏதாவது சொல்லில் சந்தேகமா? தண்ணீர் வேண்டுமா?" என்றார் நீதிபதி, அவ்வளவு அன்பாக.

"இல்லை. அந்த வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தில் நாற்பத்திரண்டு என்று ஒரு எண் இருக்கிறது."

நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார். "ஆமாம். அன்றைய மொழிபெயர்ப்பாளர். அவரை வரவழைக்க முடியுமா என்று கேட்கிறீர்களா?"

"அக்கா, என்ன சொல்றீங்க? என்ன கேக்கறாங்க?" தையல்காரி கிசுகிசுத்தாள். அறையில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் அவளுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவாள். ஆனாலும் ஏதோ விபரீதம் என்று ஊகித்துக்கொண்டாள். மேசைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்தாள். வேண்டாம், வேண்டாம் என்று காய்த்த விரலால் அழுத்தினாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கும் கடிதம் கண் முன்னால் வந்தது. முதல் தேதிக்குள் அதைக் கழற்றிவிட வேண்டும், மகளுக்குத் தெரியாமல் கழற்ற முடியாது.

'மொழிபெயர்ப்பாளர்' என்று ஆரம்பிக்க வேண்டும். அதுதான் முறை. அந்தச் சொல் எனக்கு வரவில்லை. அவ்வளவு தூரத்தில் யாரையோ சுட்டிக் காட்டுவதுபோல அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"வாசித்துக் காட்டவில்லை" என்றேன். "மூன்று பக்கத்தைச் சேர்த்துப் புரட்டியது நான்."

'நான்' என்ற சொல்லைக் கேட்டதும் நீதிபதி, வக்கீல், அரசுத் தரப்பு அதிகாரி, மூன்று தலைகளும் பழக்கப்படி ஒன்றாகத் திரும்பி அவளைப் பார்த்தன. என்ன சொன்னேன் என்று தெரியாத அவள், என் மணிக்கட்டை விட்டுவிட்டு, அவசரமாகக் கோட்டைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, அவர்களைப் பார்த்துப் பயத்தோடு சிரித்தாள்.